பதினொன்றில் பட்டாளம், முப்பத்தொன்றில் கோடாலி: கர்னல் டால்பட்டின் முன்கதை

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் தெற்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரையை ஒட்டியே ஒரு நீளமான சாலை போகும். அதற்கு டால்பட் ரோடு என்று பேர். அந்தச் சாலையில் செயின்ட் தாமஸ் என்று ஒரு ஊர் இருக்கு. நம்ம பரங்கிமலைக்கும் அதே பேர்தான். ஆனால் நம்ம மலைக்குப் பேர் கொடுத்தவர் ஏசுவின் சீடர். அந்த ஊருக்குப் பேர் கொடுத்தவர் சாமியாரும் இல்லை, புனிதரும் இல்லை. மதுப்பிரியர், முன்கோபக்காரர், கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு ஐரிஷ் பட்டாளத்துக்காரர். தாமஸ் டால்பட், கர்னல் டால்பட்.

அந்தப் பக்கத்துச் சரித்திரங்கள் எல்லாம் அவர் கதையை 1803 மே 21-ஆம் தேதி ஆரம்பிக்கும். அன்றைக்குத்தான் கர்னல் நாலு ஆட்களோடு ஏரிக்கரையில் இறங்கி, முதல் மரத்தைத் தன் கையாலேயே வெட்டினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்தது நிறைய பேர் எழுதின விஷயம். எனக்கு அதுக்கு முந்தின இருபது வருஷம்தான் சுவாரசியம். லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருந்த மனுஷன், முப்பது வயசு முடிகிற நேரத்தில் எல்லாத்தையும் விட்டுட்டு கோடாலியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவானேன்?

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

வாங்கின வேலை

டால்பட் பிறந்தது 1771 ஜூலை 19, டப்ளின் பக்கத்தில் மலாஹைட் கோட்டையில். கோட்டை என்றதும் பெரிய சொத்து என்று நினைச்சுடாதீங்க. கோட்டையும் நிலமும் மூத்த மகனுக்குத்தான் போகும். இவர் நாலாவது பையன். அந்தக் காலத்துப் பிரபுக் குடும்பங்களில் இளைய பையன்களுக்கு ரெண்டே வழி, ஒண்ணு சர்ச், இல்லைன்னா ராணுவம். இவரை ராணுவத்தில் போட்டார்கள். எத்தனை வயசில் தெரியுமா? பதினொன்று! 1783-இல் 66-ஆவது காலாட்படையில் 'என்சைன்', அதாவது அதிகாரிகளில் அடிமட்டப் பதவி. அதே வருஷக் கடைசிக்குள் லெப்டினன்ட்.

பதினோரு வயசுப் பையன் எப்படி அதிகாரி ஆனான் என்று கேட்டால், அதுக்குப் பதில் 'கமிஷன்'. நம்ம ஊரில் கமிஷன் என்றால் வேறு அர்த்தம் :-) இங்கே கமிஷன் என்பது அதிகாரி பதவிக்கான அரசாணை. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கலாம், வேண்டாம் என்றால் விற்கலாம். 1766-இல் அரசாங்கமே விலைப்பட்டியல் போட்டது. சாதாரண காலாட்படையில் என்சைன் பதவி 400 பவுண்டு, லெப்டினன்ட் 550, கேப்டன் 1500, மேஜர் 2600, லெப்டினன்ட் கர்னல் 3500. ஒரு படி ஏறணும் என்றால் வித்தியாசத் தொகையைக் கட்டினால் போதும். நடைமுறையில் அதுக்கு மேலேயும் கை மாறும் என்பது ஊரறிந்த ரகசியம்.

இது ஊழல் மாதிரி தெரியும். ஆனால் இதன் உள்ளே ஒரு கணக்கு இருக்கு, டால்பட் கதைக்கு அதுதான் சாவி. அதிகாரி வேலையை விடும்போது இன்றைக்கு மாதிரி ஒழுங்கான ஓய்வூதியம் கிடையாது. பதவியை விற்றால் வருகிற காசுதான் அவருக்கு பிராவிடன்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி எல்லாம். ராணுவத்தில் இருக்கிறவரை அது பதவி, வெளியே வருகிற அன்றைக்கு அது முதலீடு.

இன்னொரு ஏற்பாடு 'அரைச் சம்பளம்'. சண்டை முடிந்தால் ரெஜிமென்டுகளைக் குறைப்பார்கள். வேலையில்லாத அதிகாரிகளுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து, கூப்பிட்டால் வரணும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1783-இல் அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததும் அந்தக் கும்பலில் நம்ம டால்பட்டும் சேர்ந்தார். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே ரிசர்வ் அதிகாரி!

டப்ளின் கோட்டையில் ரெண்டு பையன்கள்

1787-இல் அவருடைய உறவினர் பக்கிங்காம் பிரபு அயர்லாந்தின் வைஸ்ராயாக வந்தார். வந்த உடனே டால்பட்டுக்கு எடுபிடி அதிகாரி வேலை கிடைத்தது, ஏ.டி.சி. என்று சொல்வார்களே, அது. வேலை என்ன? நல்ல சட்டை போட்டுக்கொண்டு வைஸ்ராய் பின்னாடி நிற்பது, விருந்துகளில் சீமாட்டிகளோடு நடனம் ஆடுவது, கடிதம் எடுத்துப் போவது.

அதே வைஸ்ராயிடம் அதே வேலைக்கு இன்னொரு பையனும் சேர்ந்தான். டால்பட்டை விட ரெண்டு வயசு மூத்தவன், அவனும் ஐரிஷ் பிரபுக் குடும்பத்தின் இளைய பையன், அவனுக்கும் சொத்து இல்லை. தினம் பத்து ஷில்லிங் சம்பளம். பேர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு இவர்தான்.

ஒரே அறை, ஒரே உத்தியோகம், ஒரே மாதிரி குடும்பம். இதில் வெல்லெஸ்லி கிழக்கே வந்தார். 1798-இல் சென்னைப்பட்டினம், 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம், திப்புவின் முடிவு, அதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. டால்பட் மேற்கே போனார். 1790-இல் 24-ஆவது ரெஜிமென்டில் சேர கியூபெக் போய்ச் சேர்ந்தார்.

செக்ரெட்டரி வேலை

கனடாவில் டால்பட்டின் வாழ்க்கையைத் திருப்பினவர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ. அமெரிக்கப் போரில் குயின்ஸ் ரேஞ்சர்ஸ் என்ற படையை நடத்தினவர். 1781-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபு சரணடைந்தபோது இவரும் கூடவே மாட்டினார். (அதே கார்ன்வாலிஸ்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து திப்புவோடு மூன்றாம் மைசூர்ப் போர் நடத்தியவர்.) இப்போது சிம்கோவை 'மேல் கனடா' என்ற புது மாகாணத்துக்கு லெப்டினன்ட் கவர்னராகப் போட்டிருந்தார்கள். இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதிதான் அது. 1792-இல் அவர் தன் அந்தரங்கச் செயலாளராக டால்பட்டை வைத்துக்கொண்டார். அப்போது டால்பட்டுக்கு இருபது வயசு.

சிம்கோவுக்கு மண்டை பூராவும் திட்டம். இழந்த அமெரிக்காவுக்குப் பதிலாக இங்கே ஒரு குட்டி இங்கிலாந்தைக் கட்டணும். அதை எப்படிக் கட்டுவது? பட்டாளத்தை வைத்துத்தான். சிப்பாய்களை விட்டு காட்டுக்குள் நேர்கோடாகச் சாலை வெட்டச் சொன்னார். சாலை ஓரமாகக் குடிகளை உட்கார வைக்கணும், அவர்களுக்குத் தலைவனாக ஓய்வுபெற்ற அதிகாரிகளை உட்கார வைக்கணும், எதிரி வந்தால் அதே குடிகள் மிலிஷியாப் படையாக எழுந்து நிற்கணும். விவசாயம், சாலை, ராணுவம் மூன்றும் அவருக்கு ஒரே விஷயம். இந்தத் திட்டக் கடிதங்களோடு தினமும் புழங்கினவர் டால்பட். பின்னால் அவர் செய்தது எல்லாமே இந்தப் பாடம்தான்.

1793 பிப்ரவரியில் சிம்கோ நயாகராவிலிருந்து டெட்ராய்ட் வரைக்கும் பனிக்காலத்தில் ஒரு பயணம் போனார். கூடவே சில அதிகாரிகள், அதில் டால்பட்டும் ஒருவர். கொஞ்ச தூரம் பனிச்சறுக்கு வண்டி, மீதி நடை. போகிற வழியில் கிராண்ட் நதிக்கரையில் மோஹாக் மக்களின் ஊரில் தங்கினார்கள். தேம்ஸ் என்று பேர் வைத்த நதியோரம் டெலவேர் மக்களின் கிராமத்தைப் பார்த்தார்கள். வழிகாட்டினவர்களும் பழங்குடி மக்கள்தான். திரும்பி வரும்போது, மார்ச் தொடக்கத்தில், நதி ரெண்டாகப் பிரிகிற இடத்தைப் பார்த்து, இங்கேதான் என் தலைநகரம் என்று சிம்கோ முடிவு பண்ணினார். தலைநகரம் அமையவில்லை, ஆனால் அந்த இடத்தில் பிற்பாடு லண்டன் என்ற நகரம் வந்தது.

டால்பட்டின் மனசில் இந்தக் காடு ஒட்டிக்கொண்டது. பல வருஷம் கழித்து அன்னா ஜேம்சன் என்ற எழுத்தாளர் 1837-இல் அவரைப் போய்ப் பார்த்தபோது, தான் இங்கே வந்ததுக்குக் காரணம் ஷார்லவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பயண நூல்தான் என்று கிழவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிரியார் இந்தக் கரையைச் சொர்க்கம் என்று வர்ணித்திருந்தாராம். புத்தகம் படிச்சு வந்த ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆசை மட்டும் ஐயாயிரம் ஏக்கர் வாங்கித் தராது, அதுக்குப் பதவி வேணும்.

ஹாலந்துச் சேறு

1794-இல் ரெஜிமென்ட் வேலைக்கு ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டி வந்தது. பிரான்ஸோடு சண்டை மூண்டிருந்த காலம், பதவி உயர்வு சரசரவென்று கிடைத்தது. 1796-இல், இருபத்துநாலு வயசில், 5-ஆவது காலாட்படையில் லெப்டினன்ட் கர்னல். பதினொன்றில் என்சைன் ஆனால் இதுதான் லாபம்!

1799-இல் யார்க் கோமகன் தலைமையில் பிரிட்டிஷ் படையும் ரஷ்யப் படையும் சேர்ந்து ஹாலந்தின் வடமுனையில் இறங்கின. அந்தப் படையெடுப்பில் 5-ஆவது ரெஜிமென்டும் போனது. ஆரம்பம் நன்றாக இருந்தது, டச்சுக் கப்பல் படையையே பிடித்தார்கள். அதுக்கப்புறம் எல்லாம் வாய்க்காலும், மணல்மேடும், விடாத மழையும்தான். செப்டம்பர் 19 பெர்கன், அக்டோபர் 2 அல்க்மார், அக்டோபர் 6 காஸ்ட்ரிகம் என்று மூன்று சண்டை. டச்சு மக்கள் நம் பக்கம் எழுந்து வருவார்கள் என்று லண்டனில் போட்ட கணக்கு பொய்த்தது. அக்டோபர் 18-ஆம் தேதி ஒப்பந்தம் போட்டு, 8000 போர்க்கைதிகளைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் படை கப்பல் ஏறியது.

அதே வருஷம் மே மாதம் வெல்லெஸ்லி ஸ்ரீரங்கப்பட்டினத்தின் கவர்னராக உட்கார்ந்தார். ஒருத்தருக்குக் கோட்டை, ஒருத்தருக்குச் சேறு.

அடுத்த வருஷக் கடைசியில், 1800 கிறிஸ்துமஸ் சமயம், டால்பட் கமிஷனை விற்றுவிட்டு வெளியே வந்தார். வயசு இருபத்தொன்பது. அவர் நண்பர்களுக்கு ஆச்சரியம். எனக்கு அவ்வளவாக ஆச்சரியம் இல்லை. நாலாவது பையனுக்கு மலாஹைடில் பிடி மண் கிடையாது. லெப்டினன்ட் கர்னல் பதவியில் உட்கார்ந்திருந்தால் அது வெறும் பதவி, எவனோ ஒரு தளபதிக்கு சல்யூட் அடிக்கணும். மேல் கனடாவிலோ அந்தப் பதவிக்கு ஒரு நிலமதிப்பு இருந்தது. அமெரிக்கப் போருக்குப் பின் அங்கே ராணுவத்தினருக்கு நிலம் கொடுத்தபோது பதவிப்படிதான் அளந்தார்கள். மேஜருக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் 5000 ஏக்கர், கேப்டனுக்கு 3000, அதற்குக் கீழ் அதிகாரிக்கு 2000, சாதாரண சிப்பாய்க்கு 100. துப்பாக்கி பிடித்த கை ஒன்றுதான், ஆனால் ஏக்கர் வித்தியாசத்தைப் பாருங்க.

சென்னைக் கவர்னர் போட்ட உத்தரவு

1801-இல் டால்பட் திரும்பவும் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தார். மாகாண அதிகாரிகளிடம் காரியம் ஆகவில்லை. சரி, மேலிடத்திலேயே பார்த்துக்கொள்வோம் என்று இங்கிலாந்துக்கு வந்தார். மன்னரின் மகன்கள் வரைக்கும் சிபாரிசு போனது. பழைய எஜமான் சிம்கோ ஒரு நீளமான கடிதம் எழுதினார். கப்பல் கயிறு திரிக்கிற நார்ச்செடி பயிரிடுவார், நல்ல குடிகளைக் கொண்டுவருவார் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பிரிட்டிஷ் கடற்படை அந்த நாருக்கு ரஷ்யாவை நம்பியிருந்த காலம், அதனால் அது நல்ல தூண்டில்.

1803 பிப்ரவரியில் இதை ஏற்று உத்தரவு போட்ட அமைச்சர் யார் தெரியுமா? ஹோபார்ட் பிரபு. 1789 முதல் 1793 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலாளர், அதுக்கப்புறம் 1794 முதல் 1798 வரை நம்ம சென்னை மாகாணத்தின் கவர்னர்! ஆற்காட்டு நவாபின் கடன் தலைவலியோடு மல்லுக்கட்டினவர், 1795-96-இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் துறைமுகங்களைப் பிடிக்க சென்னையிலிருந்து படை அனுப்பினவர். இவர் பேரில்தான் டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரம் இருக்கு. டப்ளின், சென்னை, லண்டன், ஈரி ஏரி என்று எங்கே சுற்றினாலும் அதே நாலு குடும்பம், அதே பத்துப் பேர். சாம்ராஜ்யம் என்பது வெளியே இருந்து பார்த்தால் பெரிசு, உள்ளே ஒரு சின்னக் கூட்டம்.

உத்தரவின் சாரம் இதுதான். டால்பட்டுக்கு 5000 ஏக்கர். அதில் ஒரு குடும்பத்துக்கு 50 ஏக்கர் கொடுத்துக் குடிவைத்தால், அந்தக் கணக்குக்கு அவருக்கு அக்கம்பக்கத்தில் 200 ஏக்கர். குடி வர வர எஜமானின் நிலம் வளரும்.

யார் மண்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அந்த 5000 ஏக்கர் அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? 1790 மே மாதம் டெட்ராய்டில் மக்கீ என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தம் எழுதினார். ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவடோமி, ஹ்யூரான் ஆகிய நாலு மக்களின் தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் குலச்சின்னங்களை வரைந்து கொடுத்தார்கள். பல லட்சம் ஏக்கர் நிலம். கொடுக்கப்பட்டது 1200 பவுண்டு பெறுமான சரக்கு. மேலே சொன்ன விலைப்பட்டியலை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ஒரு கேப்டன் பதவியின் விலை 1500 பவுண்டு. ஒரு தேசத்தையே கேப்டன் பதவியை விடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இதே வருஷங்களில் நம்ம பக்கம் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால் இன்னும் புரியும். டால்பட் சிம்கோவிடம் சேர்ந்த 1792-இல்தான் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. அங்கேயும் நிலத்தை அளக்கப் போனது பட்டாளத்துக்காரர்கள்தான். கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. (தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோ.) ஆனால் பாராமகாலில் உழுகிறவன் ஏற்கெனவே இருந்தான், அவனை நகர்த்த முடியாது. அதனால் இங்கே வந்த சிப்பாய் வரி வசூலிக்கிற கலெக்டர் ஆனான். அங்கே, இருந்த மக்களைக் காகிதத்தில் நகர்த்திவிட்டு நிலம் காலி என்று வரைபடம் போட்டார்கள். அதனால் அங்கே போன சிப்பாய் பண்ணைக்காரன் ஆனான். ரெண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே சங்கிலி, ஒரே அளவு.

விவசாயி ஆனாரா?

கஷ்டப்பட்டார், அதில் சந்தேகம் இல்லை. ஆரம்ப வருஷங்களில் வெறும் தரையில் படுத்தது, இருபது மரவெட்டிகளுக்கு மூணு வேளை சமைத்தது, மாடு கறந்தது, வெண்ணெய் எடுத்தது, ரொட்டி சுட்டது, துணி துவைத்தது எல்லாம் தானே செய்ததாக ஜேம்சன் எழுதியிருக்கிறார். விருந்தில் நடனம் ஆடின வைஸ்ராயின் ஏ.டி.சி. அது!

ஆனால் குடிகள் வர ஆரம்பித்ததும் உள்ளே இருந்த கர்னல் வெளியே வந்துவிட்டார். குடியேற வருகிறவன் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசணும். பிடித்திருந்தால் வரைபடத்தில் அவன் பேரைப் பென்சிலால் எழுதுவார், பிடிக்காமல் போனால் ரப்பரால் அழித்துவிடுவார். வீடு கட்டணும், பத்து ஏக்கர் திருத்தணும், வீட்டு வாசலில் சாலையைத் தானே வெட்டணும், இல்லைன்னா பேர் அழிந்தது. இந்தக் கண்டிப்பில்தான் மேல் கனடாவிலேயே நல்ல சாலை என்ற பேர் டால்பட் ரோடுக்கு வந்தது. 50 ஏக்கரை மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாந்த ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதுவும் நியாயம்தான். மரத்தைச் சாய்த்து, வேரைப் பிடுங்கி, கோதுமை விதைத்து அந்தக் காட்டை வயலாக்கியது அவர்கள். 1838-இல் அரசாங்கமே அவருடைய நிலக்கணக்கை வாங்கிக்கொண்டு கதையை முடித்தது.

என் பார்வையில் டால்பட் ராணுவத்தை விட்டு விவசாயத்துக்குப் போகவில்லை. ராணுவத்தையே ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். பதவியை விற்ற காசு, பதவிக்குக் கிடைத்த ஏக்கர், சிம்கோவிடம் படித்த சாலைத் திட்டம், ரெஜிமென்டில் பழகின அதிகாரம், இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த மரம் அன்றைக்கு விழுந்திருக்காது. இதே ராணுவத்தின் சாதாரண சிப்பாய்களையும் பார்க்கணும். 1830-களில் ஓய்வூதியத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு காலனிக்குப் போங்கள் என்று ஒரு திட்டம் போட்டார்கள். உடம்பு தளர்ந்த பல சிப்பாய்கள் கனடாவுக்குப் போய், காசும் கரைந்து, காட்டையும் வெட்ட முடியாமல் பிச்சை எடுக்கிற நிலைக்கு வந்தார்கள். அவர்கள் பேரில் எந்த ஊரும் இல்லை.

வாரிசு இல்லாத கர்னல் தன் அண்ணன் தம்பி வழி, அக்கா தங்கை வழிப் பையன்களைத் தேடினார். மருமகன் ரிச்சர்ட் ஏரி, அவரும் பட்டாளத்து அதிகாரி, குடும்பத்தோடு 1847-இல் வந்து கொஞ்ச வருஷம் இருந்து பார்த்தார். மாமனோடும் ஒத்துவரவில்லை, இங்கிலாந்துக்கும் ராணுவத்துக்கும் திரும்பினார். 1854-இல் கிரிமியப் போரில் குதிரைப்படையைப் பீரங்கிகளின் வாய்க்கு அனுப்பின அந்தப் பிரசித்தி பெற்ற உத்தரவைத் தளபதிக்காகக் காகிதத்தில் எழுதினது இந்த ஏரியின் கைதான்.

வெல்லிங்டன் 1852 செப்டம்பர் 14-இல் இறந்தார். லண்டன் மாநகரமே தெருவில் நின்று பார்த்த சவ ஊர்வலம் அது. அஞ்சு மாசம்கூட முழுசாக ஆகாமல் 1853 பிப்ரவரி 5-ஆம் தேதி டால்பட்டும் போய்ச் சேர்ந்தார். அதுவும் லண்டனில்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் பனியில் நடந்து வந்து சிம்கோ காட்டின, அந்த இன்னொரு லண்டனில்.